அண்ணன் எடுத்த நம்பர்

மணியம்,

செந்தூல் வீட்டுக்கு பெயிண்ட் அடித்து முடித்தாயா? இங்கே ஆயர் ஈத்தாமில் தினமும் மழை, என் முட்டி வேறு சொன்னபடி கேட்பதில்லை. சரி, அதை விடு.

அண்ணனுக்குக் கைநடுக்கம், பார்க்கின்சன் என்று சொன்னேனே. அதற்குப் பிராமிபெக்சோல் கொடுத்தார்கள், நடுக்கம் குறைந்து சட்டைப் பொத்தானைத் தானே போட ஆரம்பித்தார், நாங்களும் நிம்மதியாக இருந்தோம். ரோட்டில் கார் மோதிக் கிடந்தால்கூட, லாட்டரியில் கட்ட அதன் நம்பர் பிளேட்டைத் திரும்பிப் பார்க்காத மனுஷன், புதன், சனி, ஞாயிறு என்று ஒரு குலுக்கல் விடாமல் நாலு இலக்க லாட்டரி நம்பர் எடுத்திருக்கிறார். அண்ணியின் தாலிக்கொடி அடகுக் கடையில் இருப்பது தெரிந்த பிறகுதான் எங்களுக்கு விஷயமே புரிந்தது.

அந்த மருந்து மூளையில் டோபமைன் என்கிற ரசாயனம் மாதிரி வேலை செய்யுமாம், சிலருக்கு மட்டும் இப்படிச் சூதாட்ட வெறியைக் கிளப்பிவிடுமாம். நீ டாக்டர், உனக்கு இது புதிதில்லை. ஆனால் ஒவ்வொரு செக்கப்பிலும் தூக்கம் எப்படி, மலச்சிக்கல் உண்டா, கீழே விழுந்தீர்களா என்று கேட்டார்களே தவிர, இதை ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

சூதாட்ட வெறியைக் கண்டுபிடிக்க 1997இலேயே இரண்டே கேள்வியில் ஒரு சோதனை வந்துவிட்டதாமே. பந்தயப் பணத்தைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும் என்று தோன்றியதா, எவ்வளவு ஆடுகிறீர்கள் என்பதை வேண்டியவர்களிடம் மறைத்துப் பொய் சொன்னீர்களா, அவ்வளவுதான். ஒன்றுக்கு ஆமாம் என்றாலே மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். பிரஷர் பார்க்கும் நேரத்தில் கேட்டுவிடலாம்.

உன் கிளினிக்கில் கேட்டால் 'சூதாடுவீங்களா' என்று மட்டும் கேட்காதே. அண்ணன் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார், மனதறிந்த பொய்யும் இல்லை, அவர் கணக்கில் அது சூதே கிடையாது. 'ஐயா, நம்பர் எடுப்பீங்களா?' என்று கேள். மனைவி பக்கத்தில் இருந்தால் வாயே திறக்க மாட்டார்கள், அவரைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல். பென்ஷனிலும் இபிஎஃப் பணத்திலும் ஓடுகிற ஜீவன்கள், விட்டதை இனி எந்த வேலைக்குப் போய்ச் சம்பாதிப்பது?

டாக்டர் இப்போது மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார். திடீரென்று நிறுத்தக்கூடாதாம். பேங்க் கார்டு அண்ணியிடம். நடுக்கம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, ஆனால் போன சனிக்கிழமை வீட்டை விட்டு எங்கேயும் போகவில்லை.

தாலிக்கொடியை மீட்க வெள்ளிக்கிழமை போகிறோம். பள்ளி விடுமுறைக்கு நீ வந்தால் அண்ணனோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசு, என்னிடம் சொல்ல வெட்கப்படுகிறார்.

உன்,
ராஜு