கையுறை போட்டுக்கொள், ஐயா

செந்தூல், கோலாலம்பூர்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் நலம். வாட்ஸ்அப் புலனத்திலேயே எழுதலாமே என்று அம்மா சொன்னாள். அதில் எழுதினால் நீ கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய் என்பதால்தான் தாளில் எழுதுகிறேன்.

சீனப் புத்தாண்டு விடுமுறையில் பினாங்கு தேசியப் பூங்காவுக்குப் போய், பந்தாய் கெராச்சுட் கடற்கரையில் நீங்கள் கூடாரம் போட்டுத் தங்கிய படங்களைப் பார்த்தேன். உன்னோடு வந்த பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கயிறு கட்டிக் கொடுத்ததும் அடுப்பு மூட்டிக் கொடுத்ததும் நீதான் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. தாத்தாவின் கைவாகு அப்படியே இவனுக்கு வந்திருக்கிறது என்று அம்மாவிடம் பெருமையாகவே சொன்னேன். ஆனால் தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்த மாட்டுத்தோல் கையுறை, ஓரமாக நிற்கும் மீசை முளைக்காத ஒரு பையனின் கையில் இருக்கிறது. நீயோ வெறுங்கையால் எரிகிற கட்டையைத் தள்ளிக்கொண்டிருக்கிறாய். கொடுக்கிற மனம் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இரண்டு ஜோடி வைத்திருப்பவன் ஒன்றைக் கொடுக்கலாம்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது ஆள்காட்டி விரலில், நகத்துக்குச் சற்றுக் கீழே, பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோதும் அதே இடத்தில் ஒட்டியிருந்தது. கேட்டதற்கு, கரை ஒதுங்கிய பலகையைத் தூக்கும்போது ஆணி கீறிவிட்டது, ஒன்றுமில்லை அப்பா என்றாய். ஒன்றுமில்லாத கீறல் இத்தனை நாள் ஆறாமல் இருக்குமா?

கையுறையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்று நீ சொல்லிவிட முடியாது. கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்துதானே உன்னைப் படிக்க வைத்தேன். மாதிரிக்கு எடுத்த மருத்துவக் கையுறை ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் நீரை ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடத்தில் எங்கேனும் கசிகிறதா என்று பார்ப்பது எங்கள் பிரிவின் வேலை. அந்த மெல்லிய உறை கிருமியைத் தடுக்கும். முள்ளையும் நெருப்பையும் தடுக்காது. மீன் கழுவவும் காயத்துக்கு மருந்து போடவும் அதில் ஒரு பெட்டி வைத்துக்கொள். காட்டு வேலைக்கு வேறு வேண்டும்.

நெருப்புக்கு அருகே தடித்த மாட்டுத்தோல், மணிக்கட்டைத் தாண்டி மூடுவதாக இருக்கட்டும். கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டவும் முளை அடிக்கவும் உள்ளங்கையில் ரப்பர் பூசிய பின்னல் கையுறை போதும். விரல் நன்றாக மடங்கும், கயிறு வழுக்கி உள்ளங்கையை அறுக்காது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு அடுப்பில் கை வைத்துவிடாதே. நைலான் ஏறக்குறைய 220 பாகை செல்சியஸில் உருகிவிடும்; உருகியது தோலோடு ஒட்டிக்கொண்டால் தீக்காயம் இன்னும் ஆழமாகும். தோல் கையுறையும் நனைந்திருந்தால் சூடான சட்டியைத் தூக்க உதவாது, ஈரத்தின் வழியே சூடு சட்டென்று உள்ளே இறங்கிவிடும். நனைந்ததை நெருப்பருகே காயப்போட்டால் விறைத்து வெடித்துப்போகும் என்பதால் நிழலில் காற்றாட விடு. மறுநாள் போடுமுன் கவிழ்த்து உதறு. பூரானும் தேளும் அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

லாலாங் புல்லுக்கும் மூங்கில் சுணைக்கும் ஹார்ட்வேர் கடையில் கட்டுக்கட்டாக விற்கிற வெள்ளைப் பருத்திக் கையுறையே ஓரளவு போதும். பிரம்பு முள்தான் பொல்லாதது. கையுறையின் புறங்கையில் சுத்தியல் படமும் அதன் கீழே எண்களும் அச்சிட்டிருப்பார்கள். அவற்றில் நான்காவது எண் குத்துவதைத் தாங்கும் வலுவைக் காட்டுவது. அதிலே மிக உயர்ந்த மதிப்பெண்ணான 4 இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னால் நம்பிவிடாதே; அந்தச் சோதனையை 4.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள முனையைக் கொண்டு செய்கிறார்கள், பிரம்பு முள்ளோ ஊசியைப் போன்றது. பாராங் பிடிக்கிற கையில் வழுக்குகிற பருத்தியைப் போடாதே, கத்தி கையை விட்டுப் பறந்துவிடும். கட்டையைப் பிடிக்கிற கையில் கட்டாயம் போடு. துளையிடும் இயந்திரம் சுழலும்போது மட்டும் இரண்டு கையிலும் வேண்டாம், துணி சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். இது உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

கீறல்தானே என்று நீ நினைப்பாய். நம் நாட்டு மண்ணிலும் தேங்கிய நீரிலும் மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் கிருமி இருக்கிறது. தோலில் இருக்கிற சின்னக் காயம் வழியாகவே அது உள்ளே போய்விடும். 2010-இல் பகாங்கின் லுபுக் யூவில், நீரில் மூழ்கிய ஒருவரைத் தேடப் போனவர்களில் பலர் இந்த நோய் கண்டு இறந்தார்கள். எல்லாரையும் அது ஒரே மாதிரி தாக்குவதில்லை. இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, உள்ளவர்களைத்தான் அதிகமாகப் பிடிக்கிறது, அவர்களுக்குத்தான் மோசமாகவும் முடிகிறது. பொதுவாகச் சொல்கிறேன். பெரியப்பாவின் காலுக்கு நேர்ந்ததை நான் இங்கே எழுத வேண்டியதில்லை. மருத்துவமனையில் இரவு துணைக்கு இருந்தவன் நீ.

பொங்கலன்று நீ பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓ கோசோங் கேட்டாய். மூன்று கரண்டி சீனி போட்டாலும் போதாது என்கிற பிள்ளை இப்போது உடம்பைப் பார்த்துக்கொள்கிறான் என்று அம்மா அண்டை வீட்டில் எல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வேலைக்குப் போகிற, நாலு பேருக்கு முன்னால் நிற்கிற பிள்ளையைத் துருவித் துருவிக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் கேட்காததால் அப்பாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்ளாதே.

அந்த விரலை இந்த வாரமே கிளினிக்கில் காட்டு. துரு ஆணி என்று மறைக்காமல் சொல்; டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டாய் என்று கேட்பார்கள், பத்து ஆண்டு ஆகியிருந்தால் கட்டாயம் போட வேண்டும், அழுக்கான காயத்துக்கு ஐந்து ஆண்டு ஆகியிருந்தாலே போடுவார்கள். ஆறாத காயம் என்றால் இரத்தமும் எடுத்துப் பார்ப்பார்கள். எடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வராதே. முடிவை அம்மாவிடம் சொல்ல விருப்பமில்லை என்றால் என்னிடம் மட்டும் சொல். காயம் முழுவதும் ஆறும்வரை மண்ணையும் ஆற்று நீரையும் தொடாதே. தொட்டே ஆக வேண்டுமென்றால் நீர் புகாத கையுறையைப் போட்டுக்கொள். இதை இரண்டு தரம் படி.

அடுத்த ஜோடியை நானே வாங்கி அஞ்சலில் அனுப்புகிறேன். பெருவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி எத்தனை அங்குலம் வருகிறது என்று வலது கையை அளந்து எழுது. அந்த எண்தான் கையுறையின் அளவு. பெரிதாக வாங்கினால் பிடி நழுவும், சிறிதாக வாங்கினால் நீ கழற்றி வைத்துவிடுவாய். அந்தச் சின்னப் பையனுடைய கையையும் அளந்து சேர்த்து எழுது, அவனுக்கும் ஒன்று அனுப்புகிறேன். அப்படியானால் உன்னுடையதை நீயே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா