மலைப்பாதையில் எதிரே வருபவரின் கண்: சேலத்துக் கார் அலங்காரக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கடைக்கார அண்ணன்மார்களுக்கும், கடைகளில் விளக்கு மாட்டித் தரும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நான் ஏற்காட்டில் குடியிருப்பவன். வாடகைக் கார் ஓட்டுகிறேன். சேலம் ஜங்ஷனில் இறங்குகிறவர்களை மேலே அழைத்துப் போவதும், மேலே இருப்பவர்களை ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் கீழே கொண்டுவருவதும் என் பிழைப்பு. அடிவாரத்தைத் தாண்டியதும் தொடங்கும் இருபது கொண்டை ஊசி வளைவுகளை நான் ஏறி இறங்காத நாள் குறைவு.

வண்டியை அழகுபடுத்துவதைக் குறை சொல்ல நான் வரவில்லை. வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி வாங்கிய வண்டிக்கு ஒருவர் நல்ல சக்கரம் போடுகிறார், பம்பருக்குக் கறுப்பு வண்ணம் அடிக்கிறார், கதவோரம் குரோம் பட்டை ஒட்டுகிறார் என்றால் அந்த ஆசை எனக்குப் புரிகிறது. எனக்கும் உண்டு. நான் எழுதுவது விளக்கைப் பற்றி மட்டும்.

சென்ற டிசம்பரில் ஒரு மாலை, ஏழரை மணி இருக்கும். லேசான பனி. அறுபதடிப் பாலத்துக்கு மேலே நான் இறங்கிக்கொண்டிருந்தேன். கீழிருந்து ஒரு கார் ஏறி வந்தது. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. ஆகவே இடது பக்கம் ஒதுங்கிக் கொடுத்தேன். ஏறும் வண்டியின் மூக்கு எப்போதும் மேலே தூக்கியிருக்கும். சரிவு மாறும் இடத்தில் அதன் விளக்கு இறங்குகிறவனின் முகத்துக்கு நேராக வரும். சாதாரண விளக்கென்றால் சமாளித்துவிடலாம். அன்று வந்தது வெள்ளை வெளேரென்று, நீலம் பாய்ந்த வெளிச்சம். டிம்மில்தான் வந்தார், அது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் சாலையின் வெள்ளைக் கோடு, தடுப்புச் சுவர், மரம் எல்லாம் ஒரே நொடியில் அழிந்துபோயின. பிரேக்கை மிதித்து அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் கார் கடந்து போய், என் பார்வை மெல்லத் திரும்பியபோது, பம்பருக்கு இரண்டு முழம் முன்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் கையில் பால் கேன். இன்னொருவர் உள்ளங்கையால் கண்ணை மறைத்தபடி அசையாமல் நின்றார். அவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. நான் நிற்காமல் இன்னும் ஓர் ஆள் நீளம் உருட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த ஓட்டுநர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதே தவறை நானும் செய்தவன். சில வருடங்களுக்கு முன் நகரில் ஒரு கடையில் என் காருக்கு எல்இடி பல்பு மாட்டினேன். சேலத்தின் நாலு ரோடு, ஐந்து ரோடு சந்திப்புகளில் ஜோராக இருந்தது. முதல் பனியில் என் முன்னால் வெள்ளைச் சுவர் எழுந்தது. பனித்துளி வெளிச்சத்தைத் திருப்பி என் முகத்திலேயே எறிந்தது. எதிரே வந்த பஸ் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, தன்னால் வளைவைப் பார்க்கவே முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே பழைய பல்பைத் திரும்ப மாட்டினேன். அதன் பிறகுதான் காரணம் என்ன என்று தேடத் தொடங்கினேன்.

நீங்கள் தினமும் கழற்றிக் குப்பையில் போடும் எச்4 ஹாலஜன் பல்பு ஒன்றை எடுத்து உற்றுப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள் இருக்கும். பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். டிம் இழையின் அடியில் மட்டும் நகக்கண் அளவுக்கு ஓர் உலோகத் தொட்டி இருக்கும். டூமின், அதாவது பல்புக்குப் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பிவிடும் பளபளப்பான கிண்ணத்தின், கீழ்ப்பாதியில் வெளிச்சம் படாமல் மறைப்பது அந்தச் சின்னத் தகடுதான். மேல்பாதியில் படும் வெளிச்சம் தரையை நோக்கித் திரும்புகிறது. கீழ்ப்பாதியில் பட்டால் அது மேலே எழும்பி எதிராளியின் கண்ணுக்குப் போய்விடும். தகட்டின் ஒரு விளிம்பு சற்றே சாய்ந்திருக்கும். அதனால் இடது ஓரத்தில் மட்டும் வெளிச்சம் கொஞ்சம் ஏறி, ஓரமாக நடப்பவரைக் காட்டுகிறது. பால் கேன்காரரைக் காட்ட வேண்டியதும் அதுதான்.

மலிவான எல்இடி பல்பில் ஒளி பிறக்கும் இடம் இழை இருந்த இடத்தோடு ஒட்டி வருவதில்லை. தடித்த தண்டின் இரு பக்கமும் ஒளி தரும் எல்இடி சில்லு ஒட்டியிருக்கும். ஓரிரு மில்லிமீட்டர் விலகினாலே டூமின் கணக்கு குலைந்து, வெளிச்சம் நாலாபுறமும் தெறிக்கும். பெட்டியில் 6000, 6500 என்று போட்டிருப்பதை வாடிக்கையாளர் வெளிச்சத்தின் அளவு என்று நினைக்கிறார். அது நிறத்தின் எண். ஹாலஜனுக்கு அது சுமார் 3200. இதைக் கவுண்டரில் ஒரு வரி சொல்லுங்கள், போதும்.

கூரை மேல் பட்டை விளக்கு வேண்டும் என்று கேட்பவரிடம், அது பனியில் கண்ணை இன்னும் மறைக்கும் என்று சொல்லுங்கள். பனிக்கு உதவுவது பம்பரில் தாழ்வாக இருந்து, தரையோடு அகலமாகப் படியும் விளக்கு. மஞ்சளா வெள்ளையா என்பதைவிட அதன் உயரமும் கோணமும்தான் முக்கியம். பின் விளக்கில் கறுப்பு ஃபிலிம் ஒட்டும் வேலையை மட்டும் தயவுசெய்து யாருக்கும் செய்து தராதீர்கள். பனியில் எனக்கு முன்னால் போகும் வண்டியில் எனக்குத் தெரிவது அந்த இரண்டு சிவப்புப் புள்ளிகள்தான்.

உங்கள் வியாபாரம் கெட வேண்டாம். பழுப்பேறிய விளக்குக் கண்ணாடியைப் பாலிஷ் செய்து கொடுங்கள். வெயிலில் மங்கிய பிளாஸ்டிக் தெளிந்தால் பழைய பல்பே புதிதுபோல எரியும். என் வண்டிக்கு அதைச் செய்தபோது நானே அசந்துபோனேன். தேய்ந்த ஒயரிங்குக்கு ரிலேயும் ஃபியூஸும் போட்டுத் தாருங்கள். அதிக வெளிச்சம் வேண்டும் என்பவருக்கு, வெளிச்சத்தை மேலே விடாமல் வெட்டி நிறுத்தும் நல்ல புரொஜெக்டரை மாட்டுங்கள். விலை கூடுதல்தான், உங்களுக்கும் அதில் கூலி கூடுதல்.

ஆனால் எதை மாட்டினாலும், வண்டியை வெளியே விடும் முன் விளக்கைச் சுவரில் அடித்துப் பாருங்கள். சமதளத்தில் சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்தி, விளக்கின் நடுமட்டத்துக்கு ஒரு கோடு. டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். தாண்டினால் டூமின் பின்னால் இருக்கும் திருகைத் திருப்புங்கள். மேல் விளிம்பே தெரியாமல் சுவர் முழுக்க வெளுத்தால் அந்தப் பல்பு அந்த டூமுக்கு ஆகாது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆம் விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக் கூடாது என்கிறது. உங்கள் தம்பி ஒருவரை அந்த இடத்தில் குனிந்து நிற்கச் சொல்லுங்கள். அவர் நிற்பது எதிரே வரும் ஓட்டுநரின் இடம்.

இன்னொன்று. ஸ்டீயரிங் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட சின்னச் சக்கரம் பல கார்களில் இருக்கிறது. பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் பெட்டிகளும் ஏறினால் விளக்கு மேலே தூக்கும், அந்தச் சக்கரம் அதை இறக்கும். கோடை விழாவுக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களில் அதைத் தொட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சாவியைக் கொடுக்கும்போது விரல் வைத்துக் காட்டிவிடுங்கள்.

கடைச் சுவரில் கோடு போடுவதற்கு எந்தக் கடை முன்வந்தாலும் முதல் வண்டியாக என் வண்டியை நிறுத்துகிறேன். பெயின்டும் நானே கொண்டுவருகிறேன். இருட்டிய பிறகு வைத்துக்கொள்ளலாம், அப்போதுதான் விளிம்பு தெளிவாகத் தெரியும்.

அன்புடன்,
ஏற்காட்டிலிருந்து ஒரு வாடகைக் கார் ஓட்டுநர்