கபோ டெல்கடோவில் நமக்குள்ள 30 விழுக்காடு: ஒன்றியப் பெட்ரோலியத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு ஒன்றியப் பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், ஓ.என்.ஜி.சி. விதேஷ், ஆயில் இந்தியா, பாரத் பெட்ரோரிசோர்சஸ் ஆகிய பொதுத்துறை நிறுவனங்களின் இயக்குநர் குழுவினருக்கும் வணக்கம்.

மொசாம்பிக் நாட்டின் வடகோடியில், கபோ டெல்கடோ மாகாணத்தின் பால்மா நகரை ஒட்டிய அஃபுங்கி முனையில் உருவாகிவரும் திரவ எரிவாயு ஆலையைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன். டோட்டல்எனர்ஜிஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் ஆலை என்றே ஊடகங்கள் அதைக் குறிப்பிடுகின்றன. திட்டத்தை நடத்துவது அந்நிறுவனம்தான் என்றாலும் அதன் பங்கு 26.5 விழுக்காடு மட்டுமே. ஓ.என்.ஜி.சி. விதேஷுக்கு 16, பாரத் பெட்ரோரிசோர்சஸுக்கு 10, ஆயில் இந்தியாவுக்கு 4 என்று கூட்டினால் நம்முடைய பங்கு 30 விழுக்காடாகிறது. ஜப்பானியரின் பங்கும் மொசாம்பிக் அரசு நிறுவனத்தின் பங்கும்கூட இதைவிடக் குறைவு. 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடிந்த இரண்டு பேரங்களுக்கு மட்டும் 500 கோடி டாலருக்கு மேல் கொடுத்திருக்கிறோம். ஆகவே அஃபுங்கியில் நடப்பது குறித்துப் பாரிஸில் கேட்கப்படும் கேள்விகள் புதுதில்லியிலும் கேட்கப்பட வேண்டியவை.

அந்த மண்ணின் அமைப்பைச் சற்று விளக்கினால்தான் கேள்விகளின் கனம் புரியும். மொசாம்பிக்கின் இந்தியப் பெருங்கடற்கரை ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் நீளமுடையது. தலைநகர் மாபுட்டோ அதன் தென்கோடியில், தென்னாப்பிரிக்க எல்லைக்கு அருகில் இருக்கிறது. கபோ டெல்கடோ மறுகோடியில், தான்சானியாவைப் பிரிக்கும் ரொவுமா ஆற்றங்கரையில் முடிகிறது. போர்த்துகீசியர் போட்ட இருப்புப்பாதைகள் கடலிலிருந்து உள்நாட்டை நோக்கியே செல்கின்றன: மாபுட்டோவிலிருந்து தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களுக்கும், பெய்ராவிலிருந்து ஜிம்பாப்வேக்கும், நக்காலாவிலிருந்து மலாவிக்கும். வடக்கையும் தெற்கையும் இணைக்கும் பாதை ஒன்றுகூட அவர்களுக்குத் தேவைப்படவில்லை. நாட்டை இரண்டாக வெட்டி ஓடும் ஜாம்பேசி ஆற்றைக் கடந்து வடக்கே செல்ல, காயாவில் ஒரு சாலைப் பாலம் 2009-இல்தான் திறக்கப்பட்டது. (நம் சாம்பாருக்கான துவரம்பருப்பில் ஒரு பகுதி இந்த நாட்டிலிருந்துதான் வருகிறது. அதற்கென 2016-இல் இரு அரசுகளும் ஒப்பந்தமே செய்துகொண்டன. அந்நாடு நமக்கு அத்தனை அந்நியமானதன்று.)

இவ்வளவு தள்ளிக்கிடந்த வடக்கில்தான் நாட்டின் விடுதலைப் போர் பிறந்தது என்பதை அங்குள்ளோர் மறக்கவில்லை. 1960 ஜூன் 16 அன்று முவேடாவில் திரண்டிருந்த மக்களைப் போர்த்துகீசியர் சுட்டனர்; 1964 செப்டம்பரில் ஃப்ரெலிமோ இயக்கத்தின் ஆயுதப் போராட்டம் இதே மாகாணத்தின் ஷாய் என்ற ஊரில் தொடங்கியது. 1975-இல் விடுதலை கிடைத்த இரண்டே ஆண்டுகளில் ஃப்ரெலிமோவை எதிர்த்த ரெனாமோ என்னும் கிளர்ச்சி இயக்கத்துடனான உள்நாட்டுப் போர் மூண்டு, 1992-இல் ரோம் உடன்படிக்கையோடு ஓய்வதற்குள் ஏறத்தாழ பத்து லட்சம் உயிர்களைப் பலிகொண்டது. விடுதலை தொட்டு இன்றுவரை ஃப்ரெலிமோவே ஆட்சியில் இருக்கிறது. ஆனால் அந்த இயக்கத்தைத் தோளில் சுமந்த மாகாணம் வறுமையில் பின்தங்கியே நின்றது. முவேடா மேட்டுநிலத்தின் மக்கோண்டே மக்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்; விடுதலைப் போராளிகளுக்கான சலுகைகளும் ஆட்சியாளரின் நெருக்கமும் அவர்களுக்கே கிடைத்தன என்பது, மீன்பிடித்தும் கடல் வணிகம் செய்தும் வாழும் முவானி முஸ்லிம்களின் நெடுநாளைய மனக்குறை. 2009-இல் இதே மாகாணத்தின் மொன்டேபுவெஸில் மாணிக்கக்கல் கிடைத்தபோது, கையால் தோண்டிப் பிழைத்தவர்களை விரட்டிவிட்டு நிறுவனத்துக்கு நிலம் தரப்பட்டது. அடுத்த ஆண்டே கடலடியில் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது.

எரிவாயு வருவதற்கு முன்பே அதன் பெயரால் கடன் வந்தது. 2013, 2014 ஆண்டுகளில் சூரைமீன் படகுகளுக்கும் கடலோரப் பாதுகாப்புக்கும் என்று சொல்லி, மூன்று அரசு நிறுவனங்கள் ஏறத்தாழ 200 கோடி டாலர் கடன் வாங்கின. வருங்கால எரிவாயு வருவாய் இருக்கிறது என்ற நம்பிக்கையே அதற்கு அடித்தளம். அரசு அளித்த உத்தரவாதங்கள் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் பெறாதவை. அக்கடனின் பெரும்பகுதி 2016-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. பன்னாட்டு நிதியம் (ஐ.எம்.எஃப்.) உதவியை நிறுத்தியது, நாணய மதிப்பு சரிந்தது, மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போகவேண்டிய பணம் கரைந்தது. அன்றைய நிதியமைச்சர் மானுவேல் சாங் 2024-இல் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். ஒரு கப்பல் எரிவாயுகூட ஏற்றுமதியாகாத காலத்தில், மூடிய அறைக்குள் முடிவெடுத்ததற்கு ஒரு நாடு கொடுத்த விலை இது.

2017 அக்டோபரில் கபோ டெல்கடோவின் மொசிம்போவா டா பிராயா நகரின் காவல் நிலையங்கள் தாக்கப்பட்டன. உள்ளூரார் அத்தாக்குதல்காரர்களை அல்-ஷபாப் என்கிறார்கள். சோமாலிய அமைப்புக்கும் அதே பெயர்தான், ஆனால் ஆட்கள் வேறு. பின்னர் அவர்கள் இஸ்லாமிய அரசு அமைப்போடு சேர்ந்துகொண்டனர். மதவெறி இல்லாமல் இந்தக் கொடுமை இல்லை. அதே வேளை, வேலையும் நிலமும் இழந்த இளைஞர்கள் இல்லாமல் அந்த வெறிக்கு ஆள்பலமும் இல்லை. 2021 மார்ச் 24 அன்று பால்மா தாக்கப்பட்டது. அடுத்த மாதமே டோட்டல்எனர்ஜிஸ், தன் கைமீறிய காரணத்தால் ஒப்பந்தக் கடமைகளை நிறைவேற்ற இயலாத ‘கட்டாயச் சூழல்’ (force majeure) என்று அறிவித்துப் பணியை நிறுத்தியது. ருவாண்டாப் படை ஜூலையில் வந்திறங்கிய பிறகே நகரங்கள் மீண்டன. போரின் உச்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் வீடிழந்திருந்தனர்.

நான் குறிப்பாகக் கேட்க வந்தது இதற்குப் பிறகு வெளிவந்த செய்திகளைப் பற்றி. 2021-இல் ஆலை வாயிலருகே சரக்குப் பெட்டகங்களில் ஊர்மக்களை அடைத்து வைத்து, மொசாம்பிக் படையினர் சித்திரவதை செய்ததாகவும் கொன்றதாகவும் 2024 செப்டம்பரில் குற்றச்சாட்டு எழுந்தது. தனக்கு அது தெரியாது என்கிறது டோட்டல்எனர்ஜிஸ். 2025-இல் மொசாம்பிக் அரசுத் தலைமை வழக்குரைஞர் விசாரணை தொடங்கினார். அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டன் இத்திட்டத்துக்குத் தான் தருவதாயிருந்த கடனுதவியைக் கைவிட்டது. குற்றச்சாட்டு இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. அதனாலேயே முறையான, சுதந்திரமான விசாரணை தேவைப்படுகிறது. ஆலையைக் காத்த படையினருக்குத் திட்டத்தின் பணம் ஊக்கத்தொகையாகச் சென்றது. அந்த ஏற்பாட்டை முடித்துக்கொள்ளும்படி, டோட்டல்எனர்ஜிஸே நியமித்த மனித உரிமை வல்லுநர் ழான்-கிறிஸ்தோஃப் ரூஃபேன் 2023-இல் பரிந்துரைத்தார். அப்பணத்தில் நம் பங்கு எவ்வளவு? கூட்டுப் பங்காளிகளின் கூட்டத்தில் நம் பிரதிநிதிகள் எப்போது, என்ன கேட்டார்கள்? 2025 நவம்பரில் கட்டாயச் சூழல் விலக்கப்பட்டுப் பணி மறுபடி தொடங்க நாம் இசைந்தபோது, எந்த நிபந்தனையை முன்வைத்தோம்?

ஆலைக்காகக் கிட்டுப்போ கிராமத்தாரை அவர்கள் இடத்திலிருந்து அகற்றி, கிட்டுண்டா என்னும் புதுக் குடியிருப்பில் வைத்தார்கள். வீடுகள் உறுதியானவை என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் வீட்டிலிருந்து இறங்கினால் கடல் என்று இருந்த மீனவருக்கு இன்று கடல் தொலைவில் இருக்கிறது. வாக்களித்த மாற்று விளைநிலம் கைக்கு வருவதில் நேர்ந்த தாமதம் பல ஆண்டுப் புகார். ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் எரிவாயுவைப் பதினைந்து ஆண்டுகளுக்கு வாங்கப் பாரத் பெட்ரோலியம் குழுமம் ஒப்பந்தம் செய்திருக்கும்போது, அந்தப் புகார் நம் கணக்கிலும் ஏறுகிறது.

இத்திட்டத்திலிருந்து விலகுங்கள் என்று நான் கேட்கவில்லை. நாம் விட்டுச்செல்லும் பங்கு நம்மைவிடக் குறைவாகக் கேள்வி கேட்பவர் கைக்குப் போகும் என்பதே என் கணிப்பு. நான் வேண்டுவது: பெட்டகக் குற்றச்சாட்டு குறித்து, பங்காளிகள் எவர் கட்டுப்பாட்டிலும் இல்லாத விசாரணைக்கு நம் வாக்கைச் செலுத்துங்கள், படையினருக்குப் போன தொகைகளின் விவரத்தையும், கிட்டுண்டா குடும்பங்களுக்குத் தரவேண்டிய நிலம், இழப்பீடு ஆகியவற்றின் நிலவரத்தையும் மூன்று நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளிலும் அச்சிடுங்கள், அமைச்சகத்தின் பதிலை நாடாளுமன்ற நிலைக்குழுவின் முன் வையுங்கள், அதன் போர்த்துகீசிய மொழிபெயர்ப்பைப் பால்மாவிலும் கிடைக்கச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
அந்த 30 விழுக்காட்டில் உரிமையுள்ள குடிமக்களுள் ஒருவர்