தவளை எழுதுவது

மொட்டைக்கு,

மூன்று மாதமாகப் பதில் போடாததற்குத் திட்டியிருப்பாய். பாக்கி இருந்தால் அதையும் திட்டிவிடு. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். மல்லேஸ்வரம் வீட்டு வாடகை மறுபடி ஏறியாயிற்று.

விஷயம் வேறு. ரெக்கார்டு நோட்டில் அந்தத் தவளையை வரைந்த கைதான் இப்போது பிஎச்.டி. மாணவர்களுக்குப் படம் போட்டுக் குறிப்பெடுக்கக் கற்றுத் தருகிறது. சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

18 பேர். எல்லாரும் ஒரே பாட்டு: "எனக்கு வரைய வராது சார்." அதற்காகவே டார்வின் 1837இல் நோட்டில் கிறுக்கிய மரத்தைக் காட்டுவேன். மேலே 'நான் நினைக்கிறேன்' என்று இருக்கும். கீழே கோணல்மாணலாகக் கிளைகள். என் தவளையே தேவலை. அப்புறம், லேப்டாப்பில் அடிப்பவர்களைவிடக் கையால் எழுதுபவர்களுக்கு விஷயம் நன்றாகப் புரிகிறது என்ற 2014ஆம் வருஷ ஆய்வை எடுத்துவிட்டேன். கடைசி வரிசையில் ஒருவன், "2021இல் திரும்பச் செய்து பார்த்தார்களே சார், மார்க்கில் தெளிவான வித்தியாசம் வரவில்லையே" என்றான். ஆராய்ச்சிக்காரர்களிடம் போய் ஆராய்ச்சியைக் காட்டினேன் பார்!

போன சனிக்கிழமை, ஆய்வு முழுவதையும் ஒரே ஏ4 தாளில் வரையச் சொன்னேன். கட்டங்கள், அம்புகள், ஒவ்வோர் அம்பின்மேலும் ஒரு வினைச்சொல். நாலாம் வருஷப் பெண் ஒருத்தி, நம் சேலம் பக்கம், ஏரி ஆய்வு. கழிவுநீர் 'வளர்க்கிறது' ஆகாயத்தாமரை. ஆகாயத்தாமரை 'குறைக்கிறது' ஆக்சிஜன். ஆக்சிஜன் குறைந்து மீன் சாகிறது. அழகாகத்தான் இருந்தது. எனக்கு ஒன்றும் தெரியாதே, "இந்த அம்பு எத்தனை மணிக்கு நடக்கும்?" என்று கேட்டுவைத்தேன்.

பேனா நின்றுவிட்டது. நீரில் ஆக்சிஜன் விடிவதற்கு முன்புதான் அடிமட்டத்துக்குப் போகுமாம். வெயில் ஏறினால் பாசி மறுபடி நிரப்பிவிடும். அவளுக்குத் தெரியாததில்லை, பாடத்திலேயே படித்ததுதான். ஆனால் ஏரிக்குப் போகும் ஜீப் பத்து மணிக்கு மேல்தான் கிளம்பும். நாலு வருஷமும் அளந்தது பதினோரு மணித் தண்ணீர்.

அவளுடைய கைடு என்னைக் கூப்பிட்டு, "படம் போடத்தானே வந்தீர்கள்?" என்றார். உதவித்தொகை இன்னும் ஒரு வருஷம்தான். மொட்டை, நீ எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிய அந்த வருஷம் யாராவது இப்படி ஒரு தாளை நீட்டியிருந்தால் கும்பிட்டிருப்பாயா, கிழித்திருப்பாயா? நிஜமாகவே கேட்கிறேன்.

நேற்று விடியற்காலை ஐந்தேகாலுக்கு ஏரிக்கரையிலிருந்து ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். இருட்டு, டார்ச் வெளிச்சம், கையில் மீட்டர். எண் கலங்கலாகத் தெரிகிறது. எவ்வளவு என்று கேட்க இன்னும் தைரியம் வரவில்லை.

உடனே எழுது.

தவளை