பின்பாரமும் திம்பம் வளைவுகளும்

ஆசிரியருக்கு,

ஜீப் வகை வண்டிகளுக்குப் பின்பக்கக் கேரியர், அதாவது வண்டிக்கு வெளியே பின்னால் மாட்டிச் சுமை ஏற்றும் இரும்புத் தட்டு, வாங்குவது பற்றிச் சென்ற வாரம் உங்கள் வாகனப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். படங்கள் அழகு. விலை இருந்தது, பவுடர் கோட்டிங் நிறம் இருந்தது, எத்தனை கிலோ தாங்கும் என்ற எண்ணும் இருந்தது. அதை வண்டியின் எந்தப் பகுதியில் மாட்டுவது, மாட்டிய பிறகு வண்டியின் நடை என்ன ஆகும் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. தாளவாடிப் பக்கம் பண்ணையம், கோபிசெட்டிபாளையத்தில் குடித்தனம் என்று இருப்பவன் நான். சத்தியமங்கலம் மலையில் பண்ணாரியைத் தாண்டித் திம்பம் வரையிலான 27 கொண்டை ஊசி வளைவுகளும் எங்களுக்குச் சுற்றுலாப் பாதை அல்ல, அன்றாடப் பாதை. ஆகவே சில செய்திகளைச் சொல்லியே ஆக வேண்டும்.

கேரியர் 150 கிலோ தாங்கலாம். கெட்டியான இரும்பில் செய்தால் அதற்கு மேலும் தாங்கும். வண்டி தாங்குமா என்பது வேறு கணக்கு. 2020-இல் வெளிவந்த மஹிந்திரா தார் (Thar) ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம் 2,450 மி.மீ. பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி, அதாவது ஸ்டெப்னிக்கும் அப்பால், 20 கிலோ எடையுள்ள கேரியரை மாட்டி, அதில் 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றை வைக்கிறோம். மொத்தம் 65 கிலோதானே என்று தோன்றும். ஆனால் பின் அச்சின் மேல் கூடுவது ஏறக்குறைய 97 கிலோ. மீதி 32 கிலோ எங்கிருந்து வந்தது? முன் அச்சிலிருந்து. அங்கே அத்தனை எடை குறைந்துவிட்டது. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கிக்கொண்டு மாட்டின் கழுத்தை இறுக்கும். மலையேறும்போது எடை தானாகவே பின்னுக்குச் சரியும். அதோடு இந்தப் பின்பாரமும் சேர்ந்தால், வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன் சக்கரங்களின் பிடி குறைகிறது. எதிரே லாரி இறங்கி வரும் கொண்டை ஊசி வளைவில் அந்தப் பிடிதான் நமக்கு வேண்டியது.

இந்தக் கணக்கும் வண்டி அசையாமல் நிற்கும்போது உள்ளதுதான். மண் பாதைக் குழியில் சக்கரம் விழுந்து எழும் நொடியில், அதே மூட்டை கேரியரை இரண்டு மூன்று மடங்கு எடையோடு உலுக்கும். கடைக்காரர் சொல்லும் 150 கிலோ நிற்கும் வண்டிக்கா, ஓடும் வண்டிக்கா, தார்ச்சாலைக்கா, காட்டுப் பாதைக்கா என்று கேட்டுப் பாருங்கள். கோவையில் ஒரு கடையில் நான் கேட்டேன். "எல்லாத்துக்கும்தான்" என்று பதில் வந்தது. வாங்காமல் வந்துவிட்டேன்.

அடுத்தது பின்கோணம். பின் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து வண்டியின் பின்பகுதிக் கீழ்முனைக்கு ஒரு கோடு இழுத்தால் வரும் கோணம் அது. தாருக்கு இது 36.8 பாகை என்பது நிறுவனத்தின் கணக்கு. வாங்கும்போது இந்த எண்ணைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்; பிறகு நம் கையாலேயே அதைக் குறைத்துவிடுகிறோம். டயரிலிருந்து 60 செ.மீ. பின்னே, 45 செ.மீ. உயரத்தில் அந்த முனை இருந்தால் கோணம் சுமார் 37 பாகை. அதே உயரத்தில் அரை மீட்டர் நீளக் கேரியரை மாட்டினால் 22 பாகைக்கு இறங்கிவிடும். ஓடையில் இறங்கி மறுகரை ஏறும்போது கேரியர் மண்ணில் குத்தி நிற்பது இதனால்தான். அதே கேரியரை 20 செ.மீ. உயர்த்தி மாட்டினால் கோணம் ஏறக்குறைய 30 பாகைக்குத் திரும்புகிறது. ஆனால் உயர்த்தினால் பின்விளக்குகளும் நம்பர் பிளேட்டும் மறையலாம். மறைந்தால் கூடுதல் விளக்கும், நம்பர் பிளேட்டுக்கு வேறு இடமும் தேவை. இது போலீஸ் அபராதத்துக்குப் பயந்து செய்வது மட்டுமல்ல. மார்கழிப் பனியில் திம்பத்துக்கு மேலே முன்னே போகும் வண்டியின் சிவப்பு விளக்குதான் பின்னால் வருபவருக்கு வழிகாட்டி.

எதில் மாட்டுவது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது: சேஸில், அதாவது வண்டியின் இரும்பு அடிச்சட்டத்தில். இன்றைய பம்பர் பெரும்பாலும் பிளாஸ்டிக். அது பாரம் தூக்கப் பிறந்ததல்ல. ஸ்டெப்னி போல்ட்டுகளில் மாட்டும் கேரியர்கள் விலை மலிவு, மாட்டுவதும் சுலபம். ஆனால் ஸ்டெப்னியின் எடையையே பின்கதவின் கீல்கள்தாம் சுமக்கின்றன. அதன்மேல் இன்னொரு பாரத்தைத் தொங்கவிட்டால் முதலில் கதவு உரசும், பிறகு தொங்கும், பிறகு பூட்டே விழாது. வெளிநாடுகளில் சேஸோடு பொருத்திய 2 அங்குலச் சதுரக் குழாயில் கேரியரைச் செருகி, ஒரு பின்னைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். நம் வண்டிகளில் அந்தக் குழாய் பொதுவாக வருவதில்லை. இழுப்புக் கொக்கி மட்டுமே இருக்கும். தனியாகப் பொருத்தினாலும் குழாய்க்குள் ஆட்டம் இல்லாமல் இறுக்க ஒரு போல்ட் வேண்டும். இல்லையென்றால் மலை முழுக்கக் கடகடவென்று சத்தம்தான். தாரின் பின்கதவு பக்கவாட்டில் திறப்பது என்பதை மறந்து வாங்குபவர்களும் உண்டு. கேரியர் மடங்கவோ ஒதுங்கவோ செய்யாவிட்டால் ஒவ்வொரு முறையும் சுமையை இறக்கித்தான் கதவைத் திறக்க முடியும்.

பட்டறையில் செய்துகொள்ளலாமா என்று கேட்டால், நம் ஊரில் தாராளமாகச் செய்யலாம். நாமக்கல்லில் லாரிக்கும் திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிக்கும் பாடி கட்டும் கைகளுக்கு இது பெரிய வேலையே அல்ல. ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: சேஸில் வெல்டிங் வைக்க விடாதீர்கள். நெருப்புப் பட்ட இடத்தில் இரும்பின் குணம் மாறும். விரிசல் அதையொட்டித்தான் தொடங்கும். இருக்கிற துளைகளில் நல்ல தர போல்ட் போட்டு மாட்டச் சொல்லுங்கள். சைலன்சர் புகை எந்தப் பக்கம் வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்தடிக்கும் இயந்திரத்துக்கான பெட்ரோல் கேனைக் கேரியரில் கட்டிக்கொண்டு போகும் வழக்கம் எங்கள் பக்கம் இருக்கிறது. பின்னால் வரும் வண்டி மோதினால் முதல் அடி அந்தக் கேனுக்குத்தான்.

கட்டுரையில் நான் கடைசிவரை தேடியது யானையை. சத்தியமங்கலம் வனம் 2013 முதல் புலிகள் காப்பகம். காராப்பள்ளம், ஆசனூர்ப் பக்கம் கரும்பு லாரிகளை யானைகள் மறித்துக் கரும்பை உருவுவதை உங்கள் நாளிதழே எத்தனை முறை படத்தோடு வெளியிட்டிருக்கிறது! வாழைத்தார், பலா, கரும்பு எதையும் அந்தப் பாதையில் திறந்த கேரியரில் கொண்டு போகக் கூடாது. வாசனையை மறைக்கவும் முடியாது, பின்னால் வந்து நிற்பதைக் கண்ணாடியில் பார்க்கவும் முடியாது. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவுகள் ஏறுபவர்களுக்குக் குரங்குகள் இதையே சற்றுச் சிறிய அளவில் கற்றுக்கொடுக்கும்.

என்னைக் கேட்டால், கேரியரில் ஏற்ற வேண்டியது இடத்தை அடைக்கும், எடை இல்லாத பொருட்களை: காலித் தக்காளி டிரேக்கள், சொட்டுநீர்க் குழாய்ச் சுருள், தார்ப்பாய், கூடாரம். உர மூட்டை, மோட்டார், தண்ணீர் கேன் எல்லாம் வண்டிக்குள்ளே, பின் அச்சுக்கு முன்னால், தரையோடு தரையாக இருக்கட்டும். கூரைமேல் ஏற்றலாமே என்பார்கள். அங்கே எடை ஏறினால் வளைவில் வண்டி சாயும். இதைவிட அது மோசம்.

வண்டியின் முன்னால் மாட்டும் கம்பித் தடுப்புகளை ஒன்றிய அரசு 2017-இல் தடை செய்தது. பின்பக்கக் கேரியரில் எவ்வளவு நீட்டம், எந்த வகைப் பொருத்தம் செல்லும் என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலரிடமே கேட்டு உங்கள் அடுத்த வாகனப் பக்கத்தில் வெளியிடுங்கள். விற்பவர்களிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: கேரியரின் சொந்த எடையை ஏன் யாருமே விலைப்பட்டியலில் போடுவதில்லை?

இப்படிக்கு,
தாளவாடி மலை விவசாயி ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்.