கல்லில் ஒரு குடும்பப்பெயர், கடற்படையில் இன்னொன்று: நன்றி மடல்

அன்புடையீர்,

சான்பிரான்சிஸ்கோவில் சீனக் குடும்பத்தில் பிறந்து, இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய ஒரு மாலுமியின் கல்லறையைத் தேடித் தந்த எல்லோருக்கும் இந்த மடல். வீட்டார் கேட்டுக்கொண்டபடி அவர் பெயரை எழுதவில்லை. குடும்பப்பெயரை மட்டும் சொல்லியாக வேண்டும். சிக்கலே அதில்தான் இருந்தது.

வீட்டார் 'வோங்' என்று தேடினார்கள். எந்தப் பதிவேட்டிலும் ஆள் இல்லை. சான்பிரான்சிஸ்கோவை அடுத்த கோல்மா ஊரின் கல்லறைத் தோட்டத்தில் வரிசை வரிசையாக நடந்து சீன எழுத்துகளைப் படித்த அம்மையாருக்கே முதல் நன்றி. சீனக் கல்லில் நடுப்பத்தி பெயர், வலப்பத்தி சொந்த ஊர், இடப்பத்தி தேதி. தென்சீனத்துத் தைஷான் வட்டாரத்து ஊர்ப்பெயர் பொருந்திய ஒரு கல்லில், நடுப்பத்தி வோங் என்றது. அடியில் ஆங்கிலத்தில் லீ என்றிருந்தது. மாலுமியின் தகப்பனார் கல் அது. அலுவலகப் பதிவேடு ஆங்கிலத்தை மட்டும் பார்த்து எழுதியது, அதனால்தான் அகப்படவில்லை.

காரணம் பழையது. 1882-இன் சீனர் விலக்குச் சட்டத்தால் சீனத் தொழிலாளிகள் அமெரிக்காவுக்குள் வர முடியவில்லை. அமெரிக்கக் குடிமகனின் பிள்ளை வர முடிந்தது. 1906 நிலநடுக்கத் தீயில் சான்பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவுகள் எரிந்ததும், 'நான் இங்கே பிறந்தவன்' என்பதை மறுக்க வழியில்லாமல் போயிற்று. அப்படிக் குடிமகனானவரின் பிள்ளை என்று காகிதத்தில் மட்டும் மகனாகி வந்தவர்கள் ஏராளம்; அந்தக் காகிதத் தகப்பனின் குடும்பப்பெயரே ஆங்கிலத்தில் அவர்கள் பெயராயிற்று. கல்லில் சீனத்தில் வெட்டுவதை எந்த அதிகாரி படிக்கப்போகிறார்? உண்மைப் பெயர் அங்கே தங்கியது.

கல் தேய்ந்திருந்தது. அம்மையார் சாக்பீஸோ சவர நுரையோ தொடவில்லை. இரண்டும் கல்லைக் கெடுக்கும். தண்ணீர் தெளித்து, பக்கவாட்டில் கண்ணாடியால் வெயிலைத் திருப்பினார். வெட்டுக்குள் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நின்றது. தேதி மின்குவோ 37, பன்னிரண்டாம் மாதம். மின்குவோ என்பது சீனக் குடியரசின் ஆண்டுக் கணக்கு. மின்குவோவோடு 1911-ஐக் கூட்டினால் 1948. இறப்புச் சான்றிதழோ 1949 ஜனவரி என்றது. யாரும் தப்பாக எழுதவில்லை: சந்திரமாதக் கணக்கில் அந்தப் பன்னிரண்டாம் மாதம் 1949 ஜனவரி 28 வரை ஓடியது. ஆண்டு இடிக்கிறதே என்று அந்தக் கல்லை ஒதுக்கியிருந்தால் தேடல் அங்கேயே நின்றிருக்கும்.

லீ என்றானதும், சான் புரூனோ தேசிய ஆவணக் காப்பகத்தில் தகப்பனாரின் குடிவரவுக் கோப்பை எடுத்துக்கொடுத்த ஊழியருக்கு அடுத்த நன்றி. சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் குடிவரவு நிலையமான ஏஞ்சல் தீவில் நடந்த விசாரணை அதில் கேள்வி பதிலாக இருக்கிறது: வீடு எந்த வரிசை, கிணறு எங்கே, அரிசிப்பானை எங்கே. பதில்களில் பாதி மனப்பாடம் செய்துகொண்டு வந்தவையாக இருக்கலாம்; அவற்றை அப்படியே குடும்ப வரலாறாக எழுதிவிடக் கூடாது. பின்னாளில் சேர்த்த ஒரு தாளில் பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் இருந்தன. மாலுமி லீயாகக் கிடைத்தது அங்கேதான்.

கடற்படைக் கோப்பு, படைவீரர் கோப்புகளைக் காக்கும் செயின்ட் லூயிஸ் காப்பகத்தில். '1973-இல் அங்கே பிடித்த தீயில் எல்லாம் போச்சு' என்று பலர் கையை விரித்தார்கள். அந்தத் தீ தின்றது பெரும்பாலும் தரைப்படை, விமானப்படைக் கோப்புகளை. பணி முடிந்து 62 ஆண்டு கடந்த கோப்பை யாரும் கேட்டு வாங்கலாம். கப்பல் ஆள்பட்டியலிலிருந்து பணி எண்ணைப் பிடித்துத் தந்த தம்பிக்கு நன்றி. லீ என்ற பெயரை மட்டும் கொடுத்துக் கேட்டிருந்தால் குவியலில் தொலைந்திருக்கும். வீட்டில் 'சமையல்காரராக இருந்தார்' என்றே பேச்சு. 1942 வரை கடற்படை சீனர்களை உணவுக்கூடப் பணிக்கே எடுத்தது என்பதால் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. இவர் அதற்குப் பின் சேர்ந்தவர். பட்டியல் அவரைச் சமையல்காரர் என்று சொல்லவில்லை, இரண்டாம் நிலை மாலுமி என்கிறது.

கடைசியாக, கோல்டன் கேட் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் பிரிவு எண்ணும் குழி எண்ணும் எழுதிக்கொடுத்த அலுவலருக்கு. அதுவும் சான் புரூனோவில்தான். தகப்பன் கோப்பும் மகன் கல்லறையும் ஒரே ஊரில். அரசு நட்ட வெள்ளைப் பளிங்கில் லீ என்று மட்டுமே இருக்கிறது. அனுமதி வாங்கி, கம்பித் தூரிகையும் பிளீச்சும் இல்லாமல், மென்தூரிகையாலும் வெறும் தண்ணீராலும் கழுவித் தந்த இருவருக்கும் எங்கள் வணக்கம்.

நன்றியுடன்,
தேடற்குழுவினர்