சிறுவர் திரையிடல்களுக்குப் படம் தேர்ந்தெடுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கும் திரைப்பட இயக்க நண்பர்களுக்கும் வணக்கம்.

பழைய படங்கள் மெதுவாக நகர்பவை, பிள்ளைகள் பொறுமை இழந்துவிடுவார்கள் என்று கருதி அவற்றை ஒதுக்குவதும், காட்டினாலும் பரபரப்பான பகுதிகளை மட்டும் வெட்டிக் காட்டுவதும் பல இடங்களில் வழக்கமாகிவிட்டதால் இதை எழுதுகிறேன். ரிச்சர்ட் ஃபிளெய்ஷர் இயக்கி, டிஸ்னி நிறுவனம் 1954-இல் வெளியிட்ட '20,000 லீக்ஸ் அண்டர் த சீ' படத்தை ஒன்பது வயதான என் மகள் அண்மையில் முழுமையாகப் பார்த்தாள். அவளுடைய கருத்தை நீங்களும் கேட்க வேண்டும்.

ராட்சதக் கணவாயோடு நடக்கும் சண்டையைத்தான் பெரியவர்கள் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். முதலில் அமைதியான கடலில், அந்தி வெளிச்சத்தில் எடுத்தபோது போலித்தனம் தெரிந்துவிட்டதால், அதைப் புயலடிக்கும் இரவாக மாற்றி மீண்டும் எடுத்தார்கள். சிறப்புக் காட்சி விளைவுகளுக்காக (ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ்) அப்படத்துக்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. அவளும் அதை ரசித்தாள். ஆனால் அவள் கண்கொட்டாமல் பார்த்தது, உருண்டைத் தலைக்கவசம் அணிந்த மாலுமிகள் இறந்த தோழனைச் சுமந்துகொண்டு கடலடியில் மெல்ல நடந்துபோய் அடக்கம் செய்யும் காட்சியைத்தான். நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக நாம் முதலில் வெட்டியிருக்கக்கூடிய காட்சி அது.

தீவில் இறங்கிய நெட் என்ற மாலுமியைத் தீவுவாசிகள் துரத்திவர, நீர்மூழ்கிக் கப்பலின் தலைவர் நெமோ அதன் மேற்பரப்பில் மின்சாரம் பாய்ச்ச, அவர்கள் துள்ளிக் குதித்து ஓடுவது சிரிப்புக்காக வைக்கப்பட்டிருக்கிறது. அவள் சிரிக்கவில்லை. "அது அவங்க தீவுதானே? உள்ள போகாதேன்னு சொல்லியும் போனது நெட்தானே?" என்று கேட்டாள். அக்காலத்துப் படங்கள் பிற இனத்தவரை எப்படிக் காட்டின என்று பேசுவதற்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. அந்தப் பகுதியையும் மறைக்காமல் காட்டுங்கள்.

மனைவியையும் மகனையும் சித்திரவதைக்குப் பலிகொடுத்த நெமோ, வெடிமருந்துக்கான பொருள்களை ஏற்றிவரும் கப்பலை மோதி மூழ்கடிக்கும்போது, நெமோமேல் இரக்கம் வருகிறது, ஆனால் அந்தக் கப்பலில் இருந்தவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்களே என்றாள். மூத்த திறனாய்வாளர் ஒருவர் சொல்லியிருந்தாலும் இதற்குமேல் என்ன சொல்லியிருப்பார்? படத்தில் பெண்களே இல்லை என்ற குறையையும் அவள் விடவில்லை. அதுவும் ஏறக்குறைய உண்மையே.

திரையிட்ட பிறகு பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு நம்மிடம் ஒரு செய்தி உண்டு. படத்தில் ஆங்கில நடிகர் ஜேம்ஸ் மேசன் ஏற்ற இந்த நெமோவை, மூலக்கதையை எழுதிய ஜூல் வெர்ன் பின்னாளில் எழுதிய இன்னொரு நாவலில், 1857 கிளர்ச்சியில் போரிட்டுக் குடும்பத்தை இழந்த, இந்தியாவின் புந்தேல்கண்டு இளவரசர் என்று வெளிப்படுத்துகிறார். இப்படத்துக்கு மூலமான நாவலில், மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிக்கும் ஏழை ஒருவரைச் சுறாவிடமிருந்து காப்பாற்றி, அவர் கையில் ஒரு பை முத்துகளைக் கொடுப்பவரும் இதே நெமோதான். நம் கரையோரத்துப் பிள்ளைகள் இதை அறிய வேண்டாமா?

படம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடும். ஒரே அமர்வில் முடியாதென்றால் இரண்டு நாள்களாகப் பிரித்துக் காட்டுங்கள், வெட்ட வேண்டாம். முடிந்ததும் "பிடித்ததா?" என்று மட்டும் கேட்டு அனுப்பிவிடாமல், அவர்கள் கேள்விகளுக்கு அரைமணி நேரமாவது ஒதுக்குங்கள். அடுத்த படத்தைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் இடம் கொடுங்கள்.

அன்புடன்,
ஒரு தாய்